புகைக்கு வெளியே, திமிரி ரோட்டில்

அண்ணி,

இன்று காலை கொடியிலிருந்து எடுத்த துப்பட்டாவில் புகை வாசனை. ஜவ்வாது மலையில் மறுபடியும் காடு எரிகிறது. எதிர்வீட்டில், சாயம் போட்டுக் காயவைத்த பட்டு நூலை அவசர அவசரமாக உள்ளே எடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் ஓடிப்போய் மேற்கு ஜன்னலைச் சாத்தினேன். சாத்திய பிறகுதான், யாருக்காகச் சாத்தினேன் என்று தோன்றியது.

என் வேலைக்கு நீங்கள் வைத்த பெயர் ‘புகை பாக்கிற வேலை’. செயற்கைக்கோள் படங்களில், காட்டுத்தீயின் புகை எங்கே கிளம்பி எங்கே போகிறதென்று வீட்டில் உட்கார்ந்தே குறித்துக் கொடுப்பது. செய்யார் கம்பெனியில் வேலை முடிந்து பஸ்ஸிலிருந்து இறங்கி வந்ததும், காபி டம்ளரோடு என் பின்னால் நிற்பீர்கள்.

“இது மேகமா, புகையாடி?”

மேகம் வெள்ளையாகத் திரண்டிருக்கும், புகை பழுப்பாக, காற்று இழுத்த பக்கமெல்லாம் நீளும் என்று காட்டுவேன். எல்லாம் ஏதோ தூரதேசத்துப் புகை. நம் தெருவைத் திரையில் தேட வேண்டிய நாள் வருமென்று இருவருமே நினைக்கவில்லை.

அந்தக் கோடையில் மலைப்புகை ஊருக்குள் இறங்கியபோது உங்களுக்கு வீசிங் ஆரம்பித்தது. டாக்டர் மருந்து கொடுத்து, “புகை படாம இருங்க” என்று அனுப்பிவிட்டார். எங்கே போய் இருப்பது? இரண்டு பக்கமும் தறி வீடுகளின் சுவர். இருப்பது ஒரு ஜன்னல், ஒரு வாசல். இரண்டையும் சாத்தி, இடுக்கில் ஈரத்துணி அடைத்தேன். மின்சாரமும் போனது. பக்கத்து விசைத்தறிகள் ஓய்ந்ததும் உங்கள் மூச்சின் விசில் சத்தம் மட்டும் கேட்டது. ஆவி மருந்து பிடிக்கும் மெஷினும் நின்றுவிட்டது.

“ஜன்னலத் தொறடி. மூச்சு முட்டிகினு வருது.”

“தொறந்தா இன்னும் மோசம் அண்ணி.”

“உள்ள மட்டும் இன்னா வாழுதாம்?”

அண்ணன் வெளிநாட்டில். மடிக்கணினியில் மிச்சமிருந்த சார்ஜில் படத்தைத் திறந்தேன். மலையிலிருந்து கிளம்பிய பழுப்பு, நம் ஆரணியை மூடிக்கொண்டு செய்யார் பக்கமாகப் போயிருந்தது. வடக்கே, ஆற்காட்டு ரோட்டில் திமிரிக்கு அந்தப் பக்கம் தெளிவாக இருந்தது. ஆனால் அது கொஞ்ச நேரத்துக்கு முந்தைய படம். அதற்குள் காற்று திரும்பியிருந்தால், உங்களை வீட்டிலிருந்து கிளப்பி நடுப்புகையில் கொண்டுபோய் நிறுத்தியிருப்பேன்.

“போலாமா அண்ணி?”

நீங்கள் திரையைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தீர்கள். “ஜல்தியா வண்டிய எடு” என்றீர்கள்.

ஈரத் துண்டால் மூக்கையும் வாயையும் கட்டிக்கொண்டு பின்னால் உட்கார்ந்தீர்கள். பகலிலேயே எதிரே வந்த லாரிகள் விளக்குப் போட்டிருந்தன. ஊரைத் தாண்டியும் புகை விடவில்லை. திரும்பிவிடலாமா என்று ஒவ்வொரு வளைவிலும் நினைத்தேன். திமிரியை நெருங்கும்போது முதலில் ஒரு புளியமரத்தின் பச்சை தெரிந்தது, பிறகு நீல வானம்.

மதகுக் கட்டையில் உட்கார்ந்து துண்டை அவிழ்த்தீர்கள். இன்ஹேலரை உறிஞ்சி, மூச்சின் விசில் கொஞ்சம் அடங்கியதும் அண்ணாந்து பார்த்துக் கேட்டீர்கள்.

“மேலேர்ந்து பாத்தா நம்ம ரெண்டு பேரும் தெரிவமா?”

“தெரிய மாட்டோம் அண்ணி.”

“நல்லது. இந்தக் கோலத்துல எவன் பாக்கணும்?”

சிரித்தீர்கள். அந்தச் சிரிப்பில் இருமல் வந்து, இருமலோடு மறுபடியும் சிரித்தீர்கள்.

அன்று உங்களைக் காப்பாற்றிவிட்டேன் என்றுதான் நினைத்தேன். அதே வருஷ மழைக்காலத்தில், வானம் கழுவி விட்டது போலிருந்த ஒரு நாளில், மறுபடியும் மூச்சு முட்டி, ஆம்புலன்ஸ் தெரு முனைக்கு வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. எந்தப் படத்திலும் ஒரு பழுப்புக் கறைகூட இல்லை. தப்பிக்க ஒரு ரோடும் இல்லை.

அண்ணன் பெங்களூருக்குப் போய்விடச் சொல்கிறார். நல்ல வேலையும் அங்கே காத்திருக்கிறது. பரணிலிருந்து பெட்டியை இறக்குவேன், மறுபடி ஏற்றிவிடுவேன். இன்று காலைகூட, புகைக்கு எந்தப் பக்கம் போவதென்று எதிர்வீட்டுக்காரர்கள் கேட்டார்கள். படத்தைப் பார்த்து, “வடக்கால போங்க” என்றேன். குழந்தையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிப் போனார்கள். நான் ஜன்னலைச் சாத்திய அதே அறைக்குள் திரும்பி வந்தேன்.

உங்களிடம் சொல்லாத ஒன்று உண்டு அண்ணி. அன்று வழிநெடுக உங்கள் நெற்றி என் முதுகில் இருந்தது. ஒவ்வொரு மூச்சும், இழுப்பதும் விடுவதும், என் முதுகெலும்பில் தெரிந்தது. ஒன்று தாமதித்தால் என் மூச்சும் நிற்கும். அது வந்த பிறகே நானும் விடுவேன். இப்போதும் வண்டியைக் கிளப்பினால் என் முதுகு கொஞ்சம் பின்னால் சாய்ந்து காத்திருக்கிறது.