பச்சைச் சட்டை ஏணிக்காரன்

சிவகாசி,
12.11.2025

அன்புள்ள முத்துக்கிருஷ்ணனுக்கு,

கருப்பணன் எழுதுகிறேன். ஆமாம், அதே கருப்பணன்தான். கடிதத்தைக் கிழித்துப் போட வேண்டும் என்று தோன்றினால் தாராளமாகக் கிழி. ஆனால் இதோடு வைத்திருக்கும் மஞ்சள் தாளை மட்டும் கிழித்துவிடாதே. அது ஜப்பானில் இருந்து வந்த படிவம்.

போன வெள்ளிக்கிழமை காரியாபட்டி பஸ் ஸ்டாண்டில் உன் தங்கை பாண்டிச்செல்வியைப் பார்த்தேன். உன் போன் நம்பரைக் கேட்டேன். கருப்பணனுக்கு நம்பர் கொடுக்கக் கூடாது என்று அண்ணன் சொல்லியிருப்பதாகச் சொன்னாள். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, முகவரியைக் கொடுக்கக் கூடாது என்று அண்ணன் சொல்லவில்லையே என்று தானாகவே எழுதிக் கொடுத்தாள். அவள் மேல் கோபப்படாதே. நீ சூரத்தில் ஒரு சேலை பிரிண்டிங் மில்லில் கலர் மாஸ்டராக இருப்பதும் அவள் சொல்லித்தான் தெரியும். கேட்டதும் பஸ் ஸ்டாண்டிலேயே சிரித்துவிட்டேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஹராகாவா கம்பெனி நமக்குக் கடிதம் போட்டிருக்கிறது. நம் ஹராகாவா! டிவி கேமை ஆன் செய்ததும் கொக்கு பறந்து வந்து உட்காருமே, ஒரு மணி அடிக்குமே, அந்தக் கம்பெனி. மணி அடித்து முடிகிற வரைக்கும் யாரும் பட்டனைத் தொடக்கூடாது என்று நீ சட்டமே போட்டிருந்தாய். ஆயுத பூஜைக்குக் கேசட்டுக்குச் சந்தனம் குங்குமம் வைக்கிறேன் என்று ஓட்டைக்குள்ளேயே குங்குமத்தை அப்பி, இரண்டு நாள் அது வேலை செய்யாமல் நாம் மாற்றி மாற்றி ஊதினோமே, அந்தக் கம்பெனிதான்.

அவர்களுக்கு இது நாற்பதாவது வருஷம். உலகம் முழுக்க ரசிகர்கள் தங்கள் கையால், அந்த விளையாட்டில் ஏணியோடு வரும் நம் ஏணிக்காரனை வைத்து என்னவெல்லாம் செய்திருக்கிறார்களோ அதையெல்லாம் சேகரித்து ஒசாகாவில் கண்காட்சி வைக்கிறார்கள். என் மகள் வேல்விழி, விருதுநகரில் காலேஜ் படிக்கிறாள், என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் என் பீரோக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கும் லேபிளைப் படம் எடுத்து அனுப்பிவிட்டாள். எந்த லேபிள் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. தொண்ணூற்றேழு தீபாவளிக்கு நம் பிரஸ்ஸில் அடித்த ஏணிக்காரன் புஸ்வாணப் பெட்டி லேபிள். நான் வரைந்தது, நீ மை கலந்தது.

பதில் வந்ததும் முதலில் எனக்குப் பயம்தான். அவர்களைக் கேட்காமல் அவர்கள் ஆளைப் பட்டாசுப் பெட்டியில் போட்டவர்கள் அல்லவா நாம். கேஸ் போட்டுவிட்டார்கள் என்றே நினைத்து, பிரஸ்ஸுக்கு ஓடினேன். இப்போது எல்லாம் ராஜபாண்டியன் பொறுப்பு, நம் முதலாளி மாரிசாமி அண்ணாச்சியின் மகன். காலண்டர் சீசன், நான்கு மெஷினும் ஓடுகிறது. அவன் பாதி வேலையில் வக்கீலுக்கு போன் போட்டான். அண்ணாச்சிக்கு எண்பது வயது. நாற்காலியில் இருந்தபடியே, ஜப்பான்காரன் போலீஸோடு வருவானா, தனியாக வருவானா என்று கேட்டார். வேல்விழி வந்து முழுவதையும் தமிழில் படித்துச் சொன்ன பிறகுதான் எல்லோருக்கும் மூச்சு வந்தது.

அவர்களிடம் எழுநூறுக்கு மேல் ஏணிக்காரன் படம் வந்திருக்கிறதாம். எல்லாமே சிவப்புச் சட்டை. பச்சைச் சட்டை போட்டவன் உலகத்திலேயே நம்முடையவன் ஒருவன்தானாம். அதனால் அவனை வாசலிலேயே வைக்கப் போகிறார்களாம். படித்ததும் நான் பிரஸ்ஸுக்குள் ஒரு குதி குதித்தேன் பார், கட்டிங் மெஷின்காரர் பாம்பு வந்துவிட்டது என்று நினைத்து ஸ்டூல் மேல் ஏறிவிட்டார்.

நான் இன்னும் ஹராகாவா ஆள்தான் என்று உனக்குச் சொல்லிக்கொள்கிறேன். வேறு கம்பெனி விளையாட்டை இதுவரை தொட்டதில்லை. என் போன் ரிங்டோன் அந்த மணிதான். நடுவில் ஒருமுறை அந்தக் கம்பெனியை மூடப் போகிறார்கள் என்று இன்டர்நெட்டில் படித்து இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. “அவுக என்ன உங்களுக்குச் சம்பளமா தாராக?” என்று என் வீட்டுக்காரி யோகேஸ்வரி கேட்டாள். அவளுக்கு எப்படிப் புரியும், உனக்குத்தான் புரியும். அவளுக்கு முழங்கால் வலி கொஞ்சம் தேவலை. வெம்பக்கோட்டை அணையில் இந்த வருஷம் தண்ணீர் பரவாயில்லை என்று மாமனார் வீட்டில் சந்தோஷமாக இருக்கிறார்கள்.

இனிமேல்தான் எழுத வேண்டியதை எழுத வேண்டும்.

உன் வீட்டில் இருந்தது கறுப்பு வெள்ளை டிவி. ஏணிக்காரன் சட்டையும் பின்னால் நிற்கும் மரங்களும் ஒரே மாதிரி சாம்பல் நிறமாகத் தெரிந்தன. மரம் பச்சை என்றால் சட்டையும் பச்சைதான் என்று நீ சொன்னாய். நானும் திரைக்குப் பக்கத்தில் மூக்கை வைத்துப் பார்த்துவிட்டு, ஆமாம் என்றேன். அப்புறம் பம்பாய் வியாபாரி ஒரு லோடையே திருப்பி அனுப்பினார், கலர் டிவியில் விளையாடுகிற பிள்ளைகள் இது டூப்ளிகேட் என்று சிரிக்கிறார்கள் என்று. அண்ணாச்சி நம்மை டிவி கேமோடு தன் வீட்டுக்கு வரச் சொல்லி, அவருடைய கலர் டிவியில் மாட்டச் சொன்னார். கொக்கு வந்தது, மணி அடித்தது. அம்புட்டுப் பயத்திலும் நாம் இரண்டு பேரும் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தோம். வானம் நீலம், ஏணி மஞ்சள், சட்டை நல்ல ரத்தச் சிவப்பு.

“எவன்லே பச்சை அடிக்கச் சொன்னது?” என்று அண்ணாச்சி கேட்டார். நான் உன் பேரைச் சொன்னேன். விரலை நீட்டியும் காட்டினேன்.

நாளையில் இருந்து வர வேண்டாம் என்று அவர் உன்னிடம் சொன்னபோதும் நான் வாயைத் திறக்கவில்லை. நீ அவரை ஒன்றும் கேட்கவில்லை. என்னைப் பார்த்து, “நீயும் சேந்துதானலே பாத்த” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாய். டிவி கேமைக்கூட எடுத்துக்கொள்ளவில்லை. அது என்னிடம்தான் இருக்கிறது.

கண்ணால் காணாத ஊரில் இருக்கும் கம்பெனிக்கு இருபத்தெட்டு வருஷம் விசுவாசமாக இருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த உனக்கு ஐந்து நிமிஷம் அப்படி இருக்க என்னால் முடியவில்லை. இந்த மாதம் வரைக்கும் இதை யாரிடமும் சொன்னதில்லை, யோகேஸ்வரியிடம்கூட.

மஞ்சள் தாளில் மூன்று கேள்விகள் இருக்கின்றன. படம் வரைந்தது யார் என்ற இடத்தில் என் பேரை எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். இரண்டாவது, நிறத்தை முடிவு செய்தது யார். மூன்றாவது, ஏன். செய்தவர் தன் கையாலேயே எழுதி, கையெழுத்துப் போட வேண்டுமாம். வேல்விழி, உங்கள் பேரையே எல்லாவற்றிலும் போடுங்கள் அப்பா, ஜப்பானில் யாருக்குத் தெரியப் போகிறது என்றாள். உன் கதை அவளுக்குத் தெரியாதே. அன்று மாலையே அவளுக்குச் சொன்னேன்.

அன்றைக்கு அண்ணாச்சி கேட்டதைத்தான் இன்றைக்கு ஜப்பான்காரனும் கேட்கிறான். அன்றைக்கு உன் பேரைச் சொல்ல எனக்கு ஒரு நொடி ஆகவில்லை. இப்போது பேனாவோடு மூன்று நாள் உட்கார்ந்தேன். உன்னைக் கேட்காமல் இன்னொரு தடவை உன் பேரை நான் சொல்ல மாட்டேன்.

நேற்று அண்ணாச்சியிடம் போனேன். “பச்சைன்னு நாங்க ரெண்டு பேரும் சேந்துதான் சொன்னோம் அண்ணாச்சி” என்றேன். அவருக்கு எது என்று நினைவு வர நேரம் ஆனது. வந்த பிறகு என்னை ஏற இறங்கப் பார்த்தார். இதை அன்றைக்கே சொல்லியிருந்தால் இரண்டு பேரையும் திட்டிவிட்டு இரண்டு பேரையும் வைத்திருப்பேனே என்றார். அதன் பிறகு என்னால் அங்கே நிற்க முடியவில்லை.

படிவம் டிசம்பர் பதினைந்துக்குள் ஒசாகா போய்ச் சேர வேண்டும். லேபிளைக் கதவில் இருந்து நீராவி காட்டிக் கிழியாமல் உரித்துவிட்டேன். உன் இரண்டு இடங்களையும் காலியாக விட்டிருக்கிறேன். அதை நீ எழுதி அனுப்பினால் லேபிள் போகும். எழுதாவிட்டால் திரும்பவும் பீரோவிலேயே ஒட்டிவிடுவேன், உன் பேர் இல்லாமல் அது எங்கேயும் போக வேண்டாம். உன் மேல் பாரம் போடுவதற்காக இதைச் சொல்லவில்லை, எனக்கு வேறு வழி தெரியவில்லை.

பங்குனிப் பொங்கலுக்கு விருதுநகர் வருவதாக இருந்தால் பாண்டிச்செல்வியிடம் ஒரு வார்த்தை சொல்லி வை. பழைய கறுப்பு வெள்ளை டிவி ஒன்று பிடித்து வைத்திருக்கிறேன். டிவி கேம் இன்னமும் ஓடுகிறது, நானே பார்த்தேன். மரமும் சட்டையும் இன்னமும் ஒரே நிறம்தான்.

உன் வீட்டில் எல்லோரும் நோய் நொடி இல்லாமல் இருக்க பராசக்தி மாரியம்மனை வேண்டிக்கொள்கிறேன். நான் அவசரப்படுத்த மாட்டேன் மாப்பிள்ளை. நீ போட்ட சட்டம் எனக்கு நினைவிருக்கிறது. மணி அடித்து முடிகிற வரைக்கும் பட்டனைத் தொடமாட்டேன்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
கருப்பணன்