அண்ணனின் கத்தி

அண்ணே, அஸ்ஸலாமு அலைக்கும். போனை நீ எடுக்கவில்லை. அதனால்தான் அண்ணி கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

மாமல்லபுரத்து ஹோட்டல்காரர்கள் உன்னிடம் கறி வாங்குவதை நிறுத்திவிட்டதாக அண்ணி சொன்னாள். அறுப்புக்கூடத்துக்குப் பூட்டுப் போட்டதைப் பற்றி நான் அவளிடம் கேட்கவில்லை. அந்தப் பூட்டு என் பரிசோதனை அறிக்கையால் விழுந்தது.

சோதனை நாளன்று வேறு ஆளில்லாமல் என்னையே அனுப்பினார்கள். நான் கையுறை மாட்டிக்கொண்டு உள்ளே வந்ததும், "நம்ம தங்கச்சிதான்பா, கிருமி பாக்கற ஆபீசரு!" என்று எல்லாரிடமும் சொன்னாய். தொங்கிய மாட்டின் நெஞ்சுப் பக்கத்தை ஈரப் பஞ்சால் துடைத்து எடுத்துப் போனேன். சாணத்தில் இருக்கும் கிருமி அதில் அளவுக்கு மேல் இருந்தது.

அது எப்படி வந்தது என்று ஆய்வகத்துக்குப் போகும் முன்பே எனக்குத் தெரியும். தோலை உரித்த கத்தியைக் கழுவாமலே கறியில் வைத்தாய். நான் பார்த்துக்கொண்டே நின்றேன். வேலைக்கு வந்த இடத்தில் அண்ணன் என்று பார்க்கக்கூடாது என வாயை மூடிக்கொண்டேன்.

பூட்டுப் போட்ட அன்று வாசலில் நீ கேட்டது ஒன்றுதான்.

"நாஸ்தா பண்ணியாம்மா?"

ஆமாம் என்று தலையாட்டினேன். நான் சாப்பிட்டிருக்கவில்லை அண்ணே. இன்னும் சரியாகச் சாப்பிட முடியவில்லை.

அடுத்த சோதனைக்கு வேறு ஆளை அனுப்பச் சொல்லிவிட்டேன். நாளைக் காலையில் நான் வீட்டுக்கு வருகிறேன், தங்கச்சியாக. தோலுக்கு ஒரு கத்தி, கறிக்கு ஒரு கத்தி. ஒவ்வொரு மாட்டுக்குப் பிறகும் இரண்டையும் கொதிக்கிற தண்ணீரில் முக்க வேண்டும். கூடம் திறந்ததும், உன் கைக்கு அது பழகும்வரை பக்கத்தில் நிற்கிறேன்.

திட்டுவதானால் எல்லார் எதிரிலும் திட்டு. கதவை மட்டும் திற.

உன் தங்கச்சி