நீ நிறுத்திய சரிபார்ப்பு

வேங்கிக்கால்,
ஜனவரி 18

வளவனுக்குச் சந்திரகலா எழுதுவது.

முதலில் வீட்டுச் செய்தி. உன் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கட்டுப் பிரித்த அன்று நான்தான் கூட இருந்தேன். ஆம்ஸ்டர்டாமில் குளிர் ஜாஸ்தியா என்று உன்னிடம் கேட்கச் சொன்னார்கள். கேட்டுவிட்டேன். இனி எழுதுவதெல்லாம் கோபத்தில் எழுதுவது. போனில் செய்தி அனுப்பினால் பார்த்துவிட்டுப் பேசாமல் இருக்கிறாய். அதனால்தான் காகிதம்.

வேணு அண்ணனுக்கு வேலை போய்விட்டது. செங்கம் ரோடு விடுதியில் பதினோரு வருடம் மேனேஜராக இருந்தவர். டிசம்பர் கணக்கை முடித்தபோது, நாம் எழுதிய கணக்கு நிரல் சிட்டை காட்டிய வங்கி இருப்பைவிட வங்கியில் முப்பத்தெட்டாயிரம் கம்மி. வேலை செய்கிற அத்தனை பேர் முன்னாலும், "புக்குல இருக்குது, பேங்க்ல இல்ல, நடுவுல எங்க போச்சு?" என்று முதலாளி கேட்டிருக்கிறார். பையைத் திறந்து காட்டச் சொன்னாராம். சாப்பாட்டு டப்பாவையும்.

நான் ஆடிட்டர் ஆபீசில் இரண்டு நாள் லீவு போட்டுவிட்டு வரி வரியாகப் பார்த்தேன். கார்த்திகை தீபத்தன்று கூட்ட நெருக்கடியில், வங்கியிலிருந்து இறக்கிய வரவுப் பட்டியலை வேணு அண்ணன் இரண்டு தடவை சேர்த்துவிட்டார். அவ்வளவுதான். ஒரு பைசா எங்கேயும் போகவில்லை.

இதைப் பிடிக்கத்தானே இருப்புச் சரிபார்ப்பை வைத்தோம்? இந்தத் தேதியில் வங்கியில் இவ்வளவு இருக்க வேண்டும் என்று ஒரு வரி எழுதினால் போதும், கூட்டுத்தொகை ஒத்துவராவிட்டால் சிட்டை அங்கேயே நின்றுவிடும். அந்த வரியை அவர் ஒவ்வொரு மாதக் கடைசியிலும் தவறாமல் எழுதியிருக்கிறார். சிட்டை அதைத் தாண்டிப் போயிருக்கிறது. ஏனென்றால் அக்டோபரில் நீ வெளியிட்ட பதிப்பில், கேட்டால்தான் சரிபார்க்கும் என்று மாற்றிவிட்டாய். எதற்காக? இந்த மாதிரி நிரல்களின் வேக ஒப்பீட்டுப் பட்டியலில் முதலிடம் வர. அதில் அரை நொடிகூட மிச்சமாகவில்லை, வளவன்.

கணக்கைச் சாதாரண எழுத்துக் கோப்பில் வரி வரியாக எழுதி வைத்துக்கொள்ளலாம், எந்தக் கம்பெனியையும் நம்பி இருக்க வேண்டாம் என்று அவரிடம் போய்ச் சொன்னது நாம். அதற்காக முதலில் போட்டுக்கொடுத்த பழைய நிரல் அவருடைய ஒன்பது வருடக் கோப்பைப் படிக்க முக்கால் நிமிடம் எடுத்தது. "அதுக்குள்ள கஸ்டமர் டீ குடிச்சிட்டுப் போயிடுறாரு" என்று அவர் சொன்ன பிறகுதான், வேகமான ஒன்றை நாமே எழுதலாம் என்று உட்கார்ந்தாய். நிரல் நீ எழுதினாய், கணக்கு விதிகளை நான் எழுதினேன். எவரும் எடுத்துக்கொள்ளட்டும், திருத்தட்டும் என்று மூலநிரலைப் பொதுவில் வைத்தோம். ஒன்றரை நொடியில் ஓடியபோது எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. தப்பான தொகையைச் சீக்கிரம் காட்டவா அவ்வளவு பாடுபட்டோம்?

அந்த மாற்றத்தைப் பழையபடி திருத்தி உனக்கு அனுப்பினேன். மூன்று நாள் கழித்து, ஊரே பார்க்கும் பக்கத்தில் ஆங்கிலத்தில் இரண்டு வரி போட்டாய். வெளியீட்டுக் குறிப்பில் சொல்லியாகிவிட்டது, இது பயன்படுத்துபவரின் தவறு என்று. அதோடு என் திருத்தத்தை ஏற்காமல் மூடிவிட்டாய். யாரோ வெளியாள் மாதிரி என்னை 'டியர் கன்ட்ரிபியூட்டர்' என்று கூப்பிட்டிருந்தாய். அந்த வெளியீட்டுக் குறிப்பு எனக்கே இரண்டாவது தடவை படித்தபோதுதான் புரிந்தது. வேணு அண்ணன் எப்படிப் படிப்பார்?

என் பங்கை மறைக்கவில்லை. புதுப் பதிப்பைச் சோதிக்காமல் அவருக்குப் போட்டுக்கொடுத்தது நான். முதலாளியிடம் அதைத்தான் முதலில் சொன்னேன். நான் கொண்டுபோன காகிதங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "சரி, நாளைலேர்ந்து வரச் சொல்லு" என்றார். வேறு ஒரு வார்த்தை இல்லை. வேணு அண்ணன் போகவில்லை. பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு இரும்புக் கடையில் ஆணி எடை போடுகிறார். சம்பளம் பாதி. அங்கே போய்த் தப்பு எங்கே என்று காட்டினேன். "நான் எடுக்கலைன்னு எனக்குத் தெரியும்மா. ஆனா கம்ப்யூட்டர் காட்டுனப்போ ஒரு நிமிஷம் என்னை நானே சந்தேகப்பட்டுட்டேன்" என்றார். கடையில் ஆள் வந்துவிட்டதால் நான் கிளம்பிவிட்டேன். ஆட்டோவில் அழுதேன்.

அவரிடம் பேசு. நம்பர் மாறவில்லை. என்ன சொல்வது என்று என்னைக் கேட்காதே.

நாம் எழுதி வைத்த உரிமம் எனக்கும் இடம் கொடுக்கிறது. மூலநிரலை எடுத்து, சரிபார்ப்பைத் திரும்பச் சேர்த்து, தனி நகல் வைத்திருக்கிறேன். எங்கள் ஆபீசில் நாலு பேர் அதற்கு மாறிவிட்டார்கள். வெளியிட வேண்டுமென்றால் சிட்டை என்ற பெயரை விட்டுவிட்டு வேறு பெயர் வைக்க வேண்டும். பெயர் கேட்கிற கட்டம் வரை மூன்று முறை போய்த் திரும்பிவிட்டேன்.

நீயே சிட்டையில் சரிபார்ப்பைத் திரும்பச் சேர்ப்பாய் என்று இந்த மாதக் கடைசி வரை பொறுத்திருப்பேன். உடம்பைப் பார்த்துக்கொள். வேறு பெயர் தேட என்னை வைத்துவிடாதே, வளவா.

இப்படிக்கு,
சந்திரகலா