பாக்கெட் இல்லாத நைட்டி

ஆடி 5, திங்கள்
காலையில் தூறல். திண்டிவனம் முழுக்கக் கரண்ட் இல்லை. தையல் கம்பெனியில் பத்து மணி வரை சரசுவோடு வாய்ச்சண்டை. பக்கத்து மெஷின் அவள். நைட்டிக்குப் பாக்கெட் தைத்துத் தருவாள், நான் சைடு மூட்டும்போது வைத்துத் தைப்பேன். பதினோரு வருஷமாக இப்படித்தான்.

"இன்னாடி, பாக்கெட்டு இம்மாம் பெருசா? உன் புருஷன போட்டுக்கினு போவவா?"

"அவருக்கு இது பத்தாது. உன் வாய வேணா போட்டு மூடலாம்."

மதியம் முதலாளி விழுப்புரத்திலிருந்து வந்தார். முகத்தில் சிரிப்பில்லை. நம் சரக்கெல்லாம் வாங்கும் பெரிய கடையில் இன்னும் விலை குறைக்கச் சொல்கிறார்களாம். முடியாதென்றால் வெளிமாநிலச் சரக்குக்குப் போய்விடுவார்களாம்.

ஆடி 6
பாக்கெட்டை எடுத்தாயிற்று. துணி மிச்சம், கூலி மிச்சம். கடைக்காரர்களே சொன்ன யோசனை. சரசுவுக்குச் சனிக்கிழமையோடு வேலை இல்லை.

முதலாளியிடம் போய்க் கேட்டேன். "அவள நைட்டிக்குக் கை வெச்சித் தைக்கப் போடுங்கண்ணா."

"அங்கியே ஆள் ஜாஸ்திம்மா. இந்தக் கடைய வுட்டா உன்னையும் சேத்து அனுப்பணும்."

திட்டலாமென்றால் அவர் முகத்தைப் பார்த்து அதுவும் வரவில்லை.

வாங்க: உளுந்து, சோப்பு, கால்வலித் தைலம்.

ஆடி 10, சனி
எல்லாருக்கும் என் செலவில் டீ. சரசு விழுப்புரத்துக்கு, மகள் வீட்டுக்குப் போகிறாள். "அங்க எதுனா வேலை பாக்கணும்க்கா." பஸ் ஏற்றும்போது ஏதாவது கிண்டல் பண்ண நினைத்தேன். ஒன்றும் வரவில்லை. எனக்கா!

ஆடி 14
வெயில். பக்கத்து மெஷினைத் துணி போட்டு மூடிவிட்டார்கள். இரண்டு தரம் அந்தப் பக்கம் திரும்பி என்னவோ சொன்னேன்.

பின்னால் இருப்பவள், "யாராண்டக்கா பேசிக்கினு கீற?"

ஆடி 15
பேஜாரு. பன்னிரண்டு நைட்டியில் பாக்கெட் வைக்க வழி விட்டுச் சைடு மூட்டியிருக்கிறேன். கை தன்பாட்டுக்கு விட்டிருக்கிறது. செக்கிங்கில் பிடித்தார்கள்.

சாப்பாட்டு நேரத்தில் சரசுவுக்குப் போன். விழுந்து விழுந்து சிரித்தாள்.

"வேலை கெடச்சுதாடி?"

"இன்னும் இல்ல. யக்கா, நான் வேணா வந்து அதுக்குப் பாக்கெட் வெச்சிக் குடுக்கட்டா? கூலி வாணாம்."

"கேட்டுச் சொல்றேன்."

ஆடி 16, வெள்ளி
கேட்டேன். முதலாளி ஒரு நைட்டியை எடுத்து, அந்த வழியில் கையை விட்டுப் பார்த்தார்.

"பாக்கெட் வெச்சதும் வெக்காததும் கலந்து போனா மொத்தத்தையும் திருப்பிடுவாங்கம்மா. மூட்டிடு."

பன்னிரண்டையும் மூட்டினேன். சரசு இரண்டு தரம் கூப்பிட்டாள். எடுக்கவில்லை.