நீ வயர் மாற்றிய பவர் சப்ளை

இன்று காலை கட்டிங் செக்‌ஷன் கம்ப்யூட்டரின் பக்கத் தகட்டைக் கழற்றினேன். ஃபேனை அடைத்துக்கொண்டிருந்த பனியன் பஞ்சும் கருகிப்போன பவர் சப்ளையும் சேர்ந்து ஒரு வாடை அடித்தது. உடனே உன் ஞாபகம்தான் வந்தது. நீ போய் ஏழு மாதமாகிறது.

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். உன்னை எனக்குப் பிடிக்காது. நான் பாலிடெக்னிக்கில் படித்து, இந்தப் பனியன் கம்பெனியில் ஒன்பது வருஷம் கம்ப்யூட்டர் பார்த்தவள். நீ சங்கரன்கோவில் பக்கமிருந்து செக்கிங் வேலைக்கு வந்தவள். நின்றுபோன பார்கோடு பிரிண்டரை நீயாகவே பிரித்து ஓடவைத்தாய் என்று மேனேஜர் உன்னை என் அறைக்கே அனுப்பிவிட்டார். அதன்பிறகு எந்த செக்‌ஷனிலிருந்து போன் வந்தாலும், "அந்தப் புள்ளைய அனுப்பி உடுங்க" என்றார்கள். போனை எடுத்தது நான் என்று தெரிந்தும் அப்படித்தான் கேட்டார்கள். பேக்கிங்கிலிருந்த வடநாட்டுக்காரர்களோடு ஆறே மாதத்தில் இந்தியில் பேசிச் சிரித்தாய். நீ கொண்டுவரும் புளிக்குழம்பு ருசியாக இருந்தால்கூட எனக்கு வயிறு எரியும்.

துணி வெட்டுவதற்கான பேட்டர்ன் போடும் அந்தப் பழைய சாப்ட்வேர், ஒரே மாதிரியான இரண்டு பழைய கம்ப்யூட்டர்களில் மட்டும்தான் ஓடும். நீ கோயில் கொடைத் திருவிழாவுக்கு ஊருக்குப் போயிருந்த வாரம் அதில் ஒன்றின் பவர் சப்ளை போய்விட்டது. அலமாரியில் இருந்த சாதாரண சப்ளையை எடுத்து மாட்டினேன். கனெக்டர் கச்சிதமாக உட்கார்ந்தது. சுவிட்சைப் போட்டதும் மதர்போர்டு புகைந்தது. அந்த போர்டுக்கு வயர்களின் வரிசையே வேறு என்பதைப் பிறகுதான் கண்டுகொண்டேன். "வோல்டேஜ் ஏறிப்போச்சுங்க" என்று மேனேஜரிடம் சொல்லிவிட்டு, கருகிய போர்டை அலமாரிக்குப் பின்னால் தள்ளினேன்.

அடுத்த மாதமே மற்றதும் அதேபோல் பவர் சப்ளை போய் நின்றது. வெளிநாட்டு பையருக்குப் போகவேண்டிய சாம்பிளின் பேட்டர்ன் முழுவதும் அதற்குள் இருந்தது. மேனேஜர் என்னைத் தாண்டிப் போய் உன்னிடம் நின்றார். "நீ பாரு கண்ணு. இதும் போயிருச்சுன்னா ஆர்டரே போயிரும்."

நீ அதே அலமாரியிலிருந்து அதேபோன்ற ஒரு சப்ளையை எடுத்தாய். நான் உன் பின்னால்தான் நின்றேன். ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொல்லவில்லை. கனெக்டர் டக்கென்று உட்கார்ந்த சத்தம் கேட்டது. புகை வரட்டும் என்றே நினைத்தேன். ஒரு தடவையாவது உன் கையிலும் ஒன்று கருகட்டும் என்று நினைத்தேன்.

உன் விரல் சுவிட்சு வரை போய் நின்றது. குனிந்து பார்த்தாய். கனெக்டரைப் பிடுங்கி, பழைய சப்ளையின் கனெக்டருக்குப் பக்கத்தில் வைத்தாய்.

"அக்கா, உள்ள போவுது, ஆனா சேராது. இங்க பாருங்க, செவப்பு வர வேண்டிய எடத்துல மஞ்சள் நிக்கி."

அந்த மத்தியானம் முழுக்க ஒவ்வொரு வயராகக் கழற்றி, பழையதன் வரிசைப்படி மாற்றிச் செருகினாய். மீட்டர் வைத்து ஒவ்வொன்றையும் அளந்தாய். நடுவில் ஸ்க்ரூ எடுக்க அலமாரிக்குப் போனவள் அங்கேயே கொஞ்ச நேரம் நின்றாய். திரும்பி வந்தபோது உன் கையில் அந்தக் கருகிய போர்டு இருந்தது. என் முகத்தைப் பார்த்தாய். ஒன்றும் கேட்காமல் அதைத் திரும்பவும் அலமாரிக்குப் பின்னாலேயே தள்ளிவிட்டாய்.

கம்ப்யூட்டர் உயிர் பெற்றதும் பேட்டர்ன் மாஸ்டர் கையெடுத்துக் கும்பிட்டார். "எப்படிக் கண்டுபுடிச்சே?" என்று கேட்டார் மேனேஜர்.

"அக்காதான் சொன்னாங்க சார். வயரு மாறியிருக்கும், பாத்து மாட்டுன்னாங்க."

அன்று எல்லோரும் என்னைப் பாராட்டினார்கள். எனக்கு உன்னை அறைய வேண்டும்போல இருந்தது. நீ திறமைசாலி என்பதையாவது பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்திருப்பேன். நீ நல்லவளாகவும் இருந்தாயே, அதைத்தான் தாங்க முடியவில்லை. அதற்குப் பிறகு இரண்டு வருஷம் ஒரே அறையில் உட்கார்ந்திருந்தோம். ஒருநாளும் நான் மன்னிப்புக் கேட்கவில்லை. நீயும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

சிறுநீரகம் பழுதாகி நீ படுத்தபோது ஒருமுறை வந்தேன். சொல்லிவிடத்தான் வந்தேன். உன்னைச் சுற்றி அத்தனை பேர். ஆரஞ்சுப் பழத்தை வைத்துவிட்டுத் திரும்பிவிட்டேன். உன் உடலை ஊருக்கு எடுத்துப்போன அன்று நீ வாடகைக்கிருந்த லைன் வீட்டு வாசலில் கம்பெனி வேன் இரண்டு நடை ஆட்களை இறக்கியது. டெய்லர்கள், அயர்ன்காரர், அக்கா என்பதை "தீதி, தீதி" என்று சொல்லி அழுத இந்திக்காரப் பெண்கள். எனக்கு இத்தனை பேர் வருவார்களா என்று அங்கே நின்று தலை எண்ணியவள் நான்.

இன்று மத்தியானம் மேனேஜரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். "அந்த போர்டக் கருக்குனது நானுங்க. அன்னைக்கி அவளுக்கு நான் எதுவுமே சொல்லலீங்க."

"இருக்கட்டும் உடுங்க. அந்தப் புள்ள கடைசி வரைக்கும் உங்களப் பத்தி ஒசத்தியாத்தான் பேசுச்சு" என்றார் அவர்.

மனசு லேசாகும் என்று நினைத்துத்தான் போனேன். வெளியே வரும்போது அதே எரிச்சல்தான் கூட வந்தது. நீ பொய் சொல்லி என்னைக் காப்பாற்றினாய். நான் உண்மையைச் சொல்லியும் உன் பக்கத்தில்கூட வர முடியவில்லை.