யார் பொறுப்பில் மலைச்சாமி

நாகல் நகர்,
திண்டுக்கல்
12-6-1958

அன்புள்ள கண்ணுசாமி,

நானும் ஜெய்தூனும் பிள்ளைகளும் சுகம். உன் வீட்டிலும் எல்லாரும் சுகமாக இருக்க எங்கள் துஆ எப்போதும் உண்டு. சென்னையில் பயிற்சிக்காக ஒரே அறையில் ஒரே பாயில் கிடந்தவர்கள் நாம். இப்போது நான் மூன்று கடிதம் போட்டால் நீ ஒன்று போடுகிறாய். அதிலும் பாதி, உங்கள் ஊர் மழையைப் பற்றி. இங்கே மழையும் இல்லை, உன் கடிதமும் இல்லை.

ஒரு காரியமாகத்தான் எழுதுகிறேன். நீ வேலை பார்க்கும் சீர்திருத்தப் பள்ளியில் மலைச்சாமி என்று ஒரு பையன் இருக்கிறான். வயது பதினைந்து. ஒட்டன்சத்திரத்துக்குப் பக்கத்துக் கிராமம். போன வருஷம் காய்கறிக் கமிஷன் கடை ஒன்றில் ஓட்டைப் பிரித்து உள்ளே இறங்கிக் கதவைத் திறந்துவிட்டான். பெரியவர்கள் வந்து வாரிக்கொண்டு போய்விட்டார்கள். இறங்கும்போது கால் சுளுக்கிய இவன் மட்டும் அகப்பட்டான். இறக்கிவிட்டது யார் என்று கோர்ட்டில் கடைசிவரை வாய் திறக்கவில்லை. அவனுடைய தாய்மாமன் சோலைமலைதான் என்று அவன் தாய் முத்துப்பேச்சி பிறகு என்னிடம் அழுதுகொண்டே சொன்னாள். சாட்சி இல்லை. அந்த மாமன் லாரி ஓட்டுகிறவன். இன்றைக்கும் அவள் வீட்டில்தான் இருக்கிறான்.

பையனை என் கண்காணிப்பில் வெளியே விடலாம் என்று புரொபேஷன் ஆபீசராக நான் அறிக்கை கொடுத்தேன். மாஜிஸ்திரேட் உங்களிடம் அனுப்பிவிட்டார். அது முடிந்த கதை. ஆனால் முத்துப்பேச்சி சந்தை இல்லாத நாளெல்லாம் பஸ் ஏறி என் ஆபீசுக்கு வந்துவிடுகிறாள். "ஏனுங்க, எம்பையனை எப்பங்க விடுவாங்க?" என்கிறாள். "அது பள்ளிக்காரங்க முடிவு பண்றது தாயி" என்றால், "அவங்களக் கேட்டா உங்களைக் கேக்கச் சொல்லி எழுதறாங்களே" என்கிறாள்.  அவளிடம் சொல்ல, பையன் எப்படி இருக்கிறான் என்றாவது எழுது.

உன்,
முகமது பாரூக்

*

பள்ளிக் குடியிருப்பு,
வேலங்குப்பம்
1-7-1958

அன்புமிக்க பாரூக்,

உன் கடிதம் கண்டு சந்தோஷமும் வெட்கமும் ஒன்றாக வந்தன. நம் வீட்டில் மறுபடி பிள்ளைப்பேறு நெருங்குகிறது, அதனால் கடிதம் தாமதம் என்று சொன்னால் நம்புவாயா?

உன் பையனைக் கூப்பிட்டுப் பார்த்தேன். உடம்பு தேறியிருக்கிறான். பேச்சுதான் இல்லை. "என்னடா வேணும்?" என்றால் "ஒண்ணுமில்லீங்க" என்பதோடு சரி. ஆனால் கொல்லுப்பட்டறையில் அவனைப் பார்க்க வேண்டும். இரும்பு எப்போது பழுக்கும் என்று அவனுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. பட்டறை வாத்தியார் யாரையும் லேசில் மெச்சாதவர். அவரே இவன் பெயரைச் சொல்கிறார்.

இங்கே இடநெருக்கடி. நல்ல பையன்களைக் காலம் முடியுமுன்பே நிபந்தனை போட்டு லைசென்ஸில் வெளியே அனுப்பிவிட வேண்டும் என்பது எங்கள் சூப்பரிண்டெண்டின் எண்ணம். வேலை ஒன்று காட்டினால் மலைச்சாமி பெயரை முதலில் எழுதுகிறேன். உனக்கு என்ன கஷ்டம்? உன் ஊர் பூட்டு ஊர்தானே! இவனுக்கு இரும்பு வேலை தெரியும்.

என்றும் அன்புடன்,
கண்ணுசாமி

*

திண்டுக்கல்
16-11-1958

அன்புள்ள கண்ணுசாமி,

ஆண் குழந்தை பிறந்த செய்தி கேட்டு ஜெய்தூன் அன்றைக்கே பால் பாயசம் வைத்துவிட்டாள். தாயும் சேயும் நலமாக இருக்கட்டும்.

'பூட்டு ஊர்தானே' என்று நீ எழுதியதை நம்பி நான் ஒவ்வொரு பூட்டுப் பட்டறையாக ஏறி இறங்கினேன். ஒருவர் என்னை உட்கார வைத்துக் காப்பி கொடுத்தபிறகு கேட்டார்: "பாய், நீங்க சொல்றது நல்லாத்தான் இருக்கு. ஆனா ஓட்டைப் பிரிச்சு எறங்குன பய செஞ்ச பூட்டுன்னு தெரிஞ்சா எவன் வாங்குவான்?" எனக்குச் சிரிப்பு வந்தது. வெளியே வந்தபிறகு சிரிப்பு வரவில்லை. இன்னொருவர் வேலை கொடுக்கிறேன் என்றார். சாவி வெட்டுகிற பக்கம் மட்டும் பையன் வரக்கூடாதாம், அவர் பட்டறையில் இல்லாத நேரமெல்லாம் நான் பையன் கூடவே இருக்க வேண்டுமாம்.

கடைசியில் ஸ்டேஷனுக்குப் பின்னால் மைதீன் பிச்சை என்பவரைப் பிடித்தேன். குதிரைக்கு லாடம் அடிப்பார், மாட்டுவண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டை போடுவார். எல்லாம் சொன்னேன். கேட்டுக்கொண்டே சம்மட்டி அடித்தார். பிறகு, "அவன் திருடுனது இருக்கட்டும். வெயிலுக்கும் நெருப்புக்கும் தாங்குவானா? அதச் சொல்லுங்க" என்றார். அவ்வளவுதான். தங்கவும் அங்கேயே இடம் தருகிறார். ஆனால் பின்பக்கம் கூரை சரிந்து கிடக்கிறது. பங்குனியில் வேய்ந்துவிட்டுச் சொல்கிறேன் என்றார்.

ஆகவே பங்குனி வரை பையனை விடவேண்டாம். எக்காரணத்தைக் கொண்டும் அவன் வீட்டுக்கு அனுப்பவேண்டாம். மாமன் இருக்கிறான். இதை ஆபீஸ் மூலமாகவும் எழுதியிருக்கிறேன், உனக்கும் தனியாக எழுதுகிறேன்.

உன்,
பாரூக்

*

வேலங்குப்பம்
3-2-1959

அன்புள்ள பாரூக்,

இந்தக் கடிதத்தை எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. அதனால் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். மலைச்சாமி வெளியே போய்விட்டான்.

குழந்தைக்குப் பெயர் வைக்க நான் லீவில் மாமனார் ஊருக்குப் போயிருந்தேன். குடியரசு தினத்தை ஒட்டிச் சில பையன்களை விட உத்தரவு வந்திருக்கிறது. அந்தச் சமயம் பார்த்து சோலைமலை நேரில் வந்து நின்றிருக்கிறான். வெள்ளை வேட்டி, கையில் பழம், தாய் கைநாட்டு வைத்த சம்மதம். திரும்பி வந்ததும் சூப்பரிண்டெண்டிடம் உன் எச்சரிக்கையைச் சொன்னேன். "சொந்தத் தாய்மாமன் இவ்வளவு தூரம் வந்து கூட்டிப் போகிறான். இதைவிட நல்ல பாதுகாவலர் யார்? கேட்டைத் தாண்டியபிறகு புரொபேஷன்காரர்கள் பார்த்துக்கொள்வார்கள்" என்றார்.

நான் என் மேசைக்குத் திரும்பிவிட்டேன். ஒருவேளை நல்லபடியாக இருந்தாலும் இருக்கும். நீ ஒரு நடை போய்ப் பார்.

உன்,
கண்ணுசாமி

*

திண்டுக்கல்
9-2-1959

கண்ணுசாமி,

நடை போய்ப் பார்த்தேன்.

பையன் வீட்டில் ஒரு ராத்திரி இருந்திருக்கிறான். மறுநாளே சோலைமலை அவனைக் காய்கறி லாரியில் கிளீனராக ஏற்றிக்கொண்டு பாலக்காட்டுப் பக்கம் போய்விட்டான். முத்துப்பேச்சி என்னைக் கண்டதும் எழுந்திருக்கவே இல்லை. "நீங்க கூட்டியாந்து ஒரு நல்ல எடத்துல சேப்பீங்கன்னு இருந்தேனுங்க. எந்தம்பி வந்து, கைநாட்டு வெச்சாத்தான் விடுவாங்கன்னான். பையன் மொகத்தைப் பாத்தாப் போதும்னு வெச்சுட்டனுங்க" என்றாள். 

ஒட்டன்சத்திரம் போலீஸ் ஸ்டேஷனில் கேட்டேன். "லைசென்ஸ் பள்ளி குடுத்தது. பள்ளி எழுதிக் கேட்டா தேடுறோம். நீங்க யாரு சார் இதுல?" என்றார் ஏட்டு. எனக்கே தெரியவில்லை. பையன் என் கண்காணிப்பில் இருக்கிறான் என்று தங்கள் பள்ளி எழுதுகிறது. கண்காணிப்பை எனக்கு மாற்றும் உத்தரவைத் தங்கள் பள்ளி அனுப்பவில்லை. காலை என்னிடமும் கையைத் தங்களிடமும் வைத்துக்கொண்டா ஒரு பிள்ளை நடமாடும்?

மாமனிடமிருந்து மாற்றி மைதீன் பிச்சையிடம் சேர்க்கும்படி உடனே உத்தரவு அனுப்பச் சொல்.

பாரூக்

*

வேலங்குப்பம்
22-2-1959

அன்புள்ள பாரூக்,

'தங்கள் பள்ளி' என்று இரண்டு இடத்தில் எழுதியிருந்தாய். இதை நான் கட்டவில்லை அப்பா. நானும் இங்கே சம்பளத்துக்கு நிற்கிறவன்தான்.

சூப்பரிண்டெண்டிடம் இரண்டு தடவை போய் நின்றேன். இடம் மாற்றி உத்தரவு போடுவதென்றால் முதலில் தேர்ந்தெடுத்த பாதுகாவலர் சரியில்லை என்று அவரே ஒப்புக்கொண்டதாகும். அது நடக்காது. லைசென்ஸை ரத்து செய்கிறேன் என்கிறார். ரத்து செய்தால் போலீஸ் அவனைப் பிடித்து விலங்கு போட்டு இங்கே கொண்டுவரும். மறுபடி பூட்டிவைப்போம். அவன் ஒரு தப்பும் செய்யாமலே. அதுதான் உனக்குச் சம்மதமா? சொன்னால் எழுதவைக்கிறேன்.

இப்போது பதில் சொல்ல வேண்டியவன் நீ. உன் கோபத்தை மட்டும் எனக்கு அனுப்பிக்கொண்டிருக்காதே.

கண்ணுசாமி

*

திண்டுக்கல்
18-4-1959

கண்ணுசாமி,

உன் கேள்விக்கு நான் பதில் எழுதவில்லை. விலங்கு என்ற வார்த்தை என்னைத் தடுத்தது. ஒருமுறை லாரி நிறுத்தத்தில் பையனைப் பார்த்துவிட்டேன். என்னைக் கண்டதும் மூட்டைகளுக்கு நடுவே மறைந்துகொண்டான். இன்னும் ஒரு மாதம் பார்ப்போம், மாமனே சலித்து விட்டுவிடுவான் என்று நினைத்தேன்.

போன வாரம் திண்டுக்கல் பஜாரில் ஒரு மளிகைக்கடை. அதே மாதிரி ஓடு, அதே மாதிரி உள்ளே இவன். இந்த முறையும் மாமன் ஓடிவிட்டான். இந்த முறை மலைச்சாமி வாயைத் திறந்து பெயரைச் சொல்லிவிட்டான், அது ஒன்றுதான் ஆறுதல்.

அவனுக்கு இப்போது பதினாறு நிறைந்துவிட்டது. சிறைத்துறையின் பார்ஸ்டல் பள்ளிக்கு அனுப்பலாம் என்கிறது சர்க்கார் தரப்பு. அப்படியானால் உன் கையும் இல்லை, என் கையும் இல்லை, மூன்றாவது கை. புது மாஜிஸ்திரேட் என்னைப் பார்த்து, "இவன் உங்கள் பொறுப்பில் இருந்தவன்தானே, எங்கே போயிருந்தீர்கள்?" என்று கேட்டார். கோர்ட் நிறைய ஜனம். தலை குனிந்து நின்றேன். விடுதலையான நாளிலிருந்து பையன் புரொபேஷன் கண்காணிப்பில் இருந்தான், பள்ளிக்குச் சம்பந்தமில்லை என்று உங்கள் சூப்பரிண்டெண்ட் எழுதி அனுப்பிவிட்டார்.

மே மாதம் ஐந்தாம் தேதி வாய்தா. நீ வந்து நடந்ததைச் சொன்னால் அவனை மறுபடி என் கண்காணிப்பில் விடும்படி கேட்டுப் பார்க்க எனக்கு வாய் இருக்கும். நண்பன் என்று கேட்கவில்லை. அந்தப் பையனை இரண்டு பேரும் பார்த்திருக்கிறோம், அதற்காகக் கேட்கிறேன்.

பாரூக்

*

வேலங்குப்பம்
27-4-1959

பாரூக்,

வருகிறேன். மேலிடத்தில் அனுமதி கேட்டால் கிடைக்காது. அதனால் கேட்கவில்லை.

ஆனால் நான் சொல்லப்போவது உனக்கும் இனிக்காது. முன்கூட்டியே தெரிந்துகொள்.

கண்ணுசாமி

*

நாகல் நகர்,
திண்டுக்கல்
24-6-1959

அன்புள்ள கண்ணுசாமி,

ரயிலுக்கு நேரமாயிற்று என்று என் முகத்தைப் பாராமலே போய்விட்டாய். வீட்டில் ஜெய்தூன் உனக்கும் சேர்த்து ஆக்கி வைத்திருந்தாள். நானும் உன்னைத் தடுக்கவில்லை. உண்மையைச் சொன்னால் அன்றைக்கு உன்னோடு உட்கார்ந்து சாப்பிட்டிருந்தால் எனக்கு ஒரு கவளம் இறங்கியிருக்காது.

"எங்கள் பள்ளி பையனைத் தவறான ஆளிடம் கொடுத்தது" என்று நீ கூண்டில் ஏறிச் சொன்னபோது நான் நிமிர்ந்தேன். அடுத்ததாக, "பாரூக் சார் ஊரெல்லாம் அலைந்து வேலை தேடினார். ஆனால் அந்த வேலை இருக்கிற சங்கதியைப் பையனிடம் யாரும் சொல்லவில்லை. அவர் அவனுக்கு ஒரு வரி எழுதவில்லை, நானும் வாயால் சொல்லவில்லை. எங்களுக்குள்தான் எழுதிக்கொண்டிருந்தோம்" என்றாய். மாஜிஸ்திரேட் பையனைக் கேட்டார். "பட்டறை இருக்குன்னு தெரியாதுங்க. மாமன் வந்து நின்னாரு, வேற யாரும் வரலீங்க. போயிட்டேனுங்க" என்றான். பல நாள் உன்மேல் ஆத்திரமாக இருந்தேன். நீ பொய் சொல்லியிருந்தால் சுலபமாக இருந்திருக்கும்.

நீ போனபிறகு நடந்தது உனக்குத் தெரியாது. தீர்ப்பைச் சில நாள் தள்ளி வைத்தார்கள். மைதீன் பிச்சை அழுக்குச் சட்டையோடு கோர்ட்டுக்கு வந்து, கூரை வேய்ந்தாயிற்று என்று சொன்னார். அதைச் சட்டப்படி யாரும் கேட்கவில்லை, ஆனாலும் சொன்னார். பார்ஸ்டல் வேண்டாம் என்று பையனை என் கண்காணிப்பில் விட்டார்கள். பட்டறையில்தான் தங்க வேண்டும். தாய் வீட்டுக்குப் போவதானால் கோர்ட்டின் அனுமதி வேண்டும். சோலைமலையைத் திண்டுக்கல்லை ஒட்டி ஒரு லாரி ஷெட்டில் பிடித்துவிட்டார்கள்.

சந்தோஷப்பட விடமாட்டேன் என்கிறது ஆபீஸ். பையனின் பழைய லைசென்ஸை ரத்து செய்து உங்கள் பள்ளி இப்போது, இத்தனைக்கும் பிறகு, எனக்கு நகல் அனுப்பியிருக்கிறது. அவனைத் திருப்பி அனுப்பும்படி ஒரு வரியும் இருக்கிறது. கோர்ட் உத்தரவைக் காட்டிப் பதில் எழுதியிருக்கிறேன். அதற்கு என்ன எழுதுவார்களோ.

உன்னைப் பள்ளியிலிருந்து எடுத்து வடக்கே ஏதோ ஸ்டோர் கணக்கில் போட்டுவிட்டார்கள் என்று நேற்று கேள்விப்பட்டேன். பள்ளி விலாசத்துக்கே போடும் இந்தக் கடிதம் அங்கே திருப்பி அனுப்பப்பட்டு உன்னிடம் வரட்டும். மன்னிப்பு என்ற வார்த்தையை எழுதி எழுதி அடித்துவிட்டேன். நீ என்னிடமோ, நான் உன்னிடமோ அதைக் கேட்டு என்ன ஆகப்போகிறது? யாரிடம் கேட்க வேண்டுமோ அவன் பட்டறையில் துருத்தி இழுத்துக்கொண்டிருக்கிறான்.

போன வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து அப்படியே அங்கே போனேன். மலைச்சாமி ஒரு குதிரையின் காலைத் தூக்கித் தொடைமேல் வைத்துக்கொண்டிருந்தான். வேலை முடியட்டும் என்று நின்றேன். முடிந்ததும் கையைத் துடைத்துக்கொண்டு வந்தான்.

"சார், அம்மாவுக்குக் காய்ச்சலாம். போய்ப் பாக்கணுங்க. யாருகிட்டங்க கேக்கணும்? கோர்ட்லயா, அந்தப் பள்ளிக்கூடத்து சார்கிட்டயா, உங்ககிட்டயா?"

கண்ணுசாமி, சரியான பதில் எனக்குத் தெரியும். மனு எழுதி, கோர்ட்டில் கொடுத்து, உத்தரவு வாங்கி வரவேண்டும். அதற்குள் காய்ச்சல் விட்டுப்போகும், அல்லது வேறேதாவது ஆகும்.

"எங்கிட்டக் கேளுடா" என்றேன்.

"அப்போ போயிட்டு வரட்டுங்களா?"

"செத்த நேரம் இரு. நானும் வாரேன்."

 மைதீன் பிச்சை உலையைத் தானே பார்த்துக்கொள்கிறேன் என்று கை காட்டினார். இரண்டு பேரும் ஒட்டன்சத்திரம் பஸ்ஸில் ஏறினோம். மனுவைத் திங்கட்கிழமை கொடுத்தேன். யாராவது கேட்டால், வெள்ளிக்கிழமை பஸ்ஸில் நான்தான் கூட்டிப்போனேன் என்று சொல்லிக்கொள்கிறேன்.

உன் புது விலாசம் எழுது.

உன்,
பாரூக்