நம் வீட்டுப் பெட்டியில் நீ தெரியவில்லை

கழக்கூட்டம்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் உலகம்மாளுக்கு அப்பா பிச்சைக்கனி எழுதுவது.

முதலில் என் கையெழுத்தைப் பொறுத்துக்கொள். வரி ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்கும். 'ழ' வரும்போதெல்லாம் கை நின்றுவிடுகிறது. ஆனால் எழுதுவது நானேதான். யாரும் பக்கத்தில் உட்கார்ந்து எழுதித் தரவில்லை. இந்த வயதில் இப்படி ஒரு சந்தோஷம் வரும் என்று நான் நினைத்ததில்லை அம்மா.

பின் தெரு ஜெயபாய் டீச்சர்தான் சொல்லிக்கொடுத்தார். நாகர்கோவில்காரர், பள்ளிக்கூடத்தில் தமிழ் எடுத்தவர். இந்த ஊரில் கடைப் பலகையெல்லாம் மலையாளம். படித்த எழுத்தை வாசித்துப் பார்க்கத் தெருவில் ஒன்றும் இல்லை. அதைப் பார்த்துத்தான் உன் அண்ணன் செல்வமணி போனில், ஆட்கள் தமிழில் எழுதிப் படம் போடுகிற ஒரு இடத்தில், எனக்கு ஒரு கணக்கு தொடங்கிக் கொடுத்தான்.

கம்பெனி நடத்துகிற இடம் இல்லையாம் அது. நம் வீட்டிலேயே, டி.வி.க்குப் பக்கத்தில், சோற்று டப்பா அளவில் ஒரு பெட்டி இருக்கிறது. சர்வர் என்கிறான். நான், அவன், உன் மதினி நீது, அவளுடைய அக்கா, இவ்வளவு பேருக்கும் அதுதான் வீடு. மற்றவர்களுக்கு வேறு ஊரில் வேறு பெட்டிகள். தபாலாபீஸ் மாதிரி ஒன்றிலிருந்து ஒன்றுக்குச் சேதி போகும். உனக்கு இதெல்லாம் தெரியும். நீதானே உன் பெட்டியிலிருந்து என்னைத் தேடி வந்தாய்.

என் கண் ஆபரேஷனைப் பற்றி நான் எழுதியதைப் பார்த்து, "அப்பா, கண்ணு இப்ப தெளிவா தெரியுதா?" என்று போட்டிருந்தாய். அதை நானே எழுத்துக்கூட்டிப் படித்தேன். பிரஜினைக் கட்டிக்கொண்டு நீ போன பிறகு இந்த வீட்டில் உன் பெயரை யாரும் எடுத்ததில்லை. அன்றைக்கு நான் பதில் தட்டி முடிக்க வெகுநேரம் ஆனது. பிறகு ஓணம் வரை நன்றாகத்தான் பேசிக்கொண்டிருந்தோம். அதன்பின் நீ வரவே இல்லை. நான் ஏதோ தப்பாக எழுதிவிட்டேன், நீ கோபித்துக்கொண்டாய் என்று இருந்துவிட்டேன்.

போன வாரம் டீச்சர், "அண்ணாச்சி, உங்க மவ நேத்து போட்ட படத்தப் பாத்தீங்களா?" என்று கேட்டார். என் போனில் ஒன்றுமில்லை. டீச்சர் போனில் நீ இருந்தாய். மாதக்கணக்கில் இருந்திருக்கிறாய். "அப்பா ஏன் பேச மாட்டேங்குறீங்க?" என்று என் பெயரைப் போட்டே கேட்டிருக்கிறாய். டீச்சருடைய கணக்கு வேறு பெட்டியில் இருக்கிறது. அங்கே தெரிகிற நீ இங்கே தெரியவில்லை. "உங்க வீட்டுப் பெட்டிக்காரர் உங்க மவ இருக்கிற பெட்டியில இருந்து எதுவும் வராதபடி மொத்தமா அடைச்சிருப்பாரு" என்றார் டீச்சர்.

வீட்டுக்கு வந்து கேட்டேன். "அதுல முழுக்க குப்பைப்பா. லாட்டரி விளம்பரம், கெட்ட படம். அதான் அடைச்சேன். சாரமில்ல, விடுங்க" என்றான் செல்வமணி. பதில் உடனே வந்தது. எனக்கு அதுதான் உறுத்துகிறது. தெரியாமல் அடைத்தவனாக இருந்தால், "தங்கச்சி அதுலயா இருந்தா?" என்று ஒரு வார்த்தை கேட்டிருப்பான். கேட்கவில்லை. எனக்கு எப்படித் தெரிந்தது என்றும் கேட்கவில்லை. நீது அடுக்களையிலிருந்து, "அச்சா, சாய ஆறுது கேட்டோ" என்று கூப்பிட்டாள். டீ ஆறவே இல்லை, கொதித்தது.

இன்னொன்றும் ஞாபகம் வருகிறது. பெட்டி வைத்த அன்று, "இனிமே நம்ம பேச்சை எந்தக் கம்பெனிக்காரனும் கேக்க முடியாது" என்று பெருமையாகச் சொன்னான். "நீ கேக்கலாமாடே?" என்றேன். "நான் எதுக்குப்பா கேக்கப் போறேன்" என்று சிரித்தான். முடியாது என்று சொல்லவில்லை.

அவனைக் கெட்டவன் என்று எழுத எனக்கு மனமில்லை. கண் ஆபரேஷனுக்கு லீவு போட்டுக் கூடவே இருந்தான். சொட்டு மருந்து அவன்தான் விட்டான். குப்பை வருவதும் உண்மைதான், நானே பார்த்திருக்கிறேன். பழவங்காடியில் தேங்காய் விற்ற காலத்தில் தட்டிப் பார்த்தே அழுகலைச் சொல்லிவிடுவேன். பெற்ற பிள்ளையைத் தட்டிப் பார்க்கத் தெரியவில்லை.

அதனால் நீ ஒரு காரியம் செய். வேறொரு பெட்டியில் புதுக் கணக்கு தொடங்கு. உன் சொந்தப் பெயரிலேயே எனக்கு ஒரு வணக்கம் போடு. அது வந்து, வந்தபடியே இருந்தால் உன் அண்ணன் சொன்னது நிஜம். அவனைச் சந்தேகப்பட்டதற்கு நான் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொள்வேன். அதுவும் மறைந்தால், அவன் அடைத்தது குப்பையை இல்லை என்று தெரிந்துகொள்வேன். அப்புறம் அவனிடம் பேச வேண்டியதை நான் பேசுவேன்.

இதையெல்லாம் டீச்சர் போனிலிருந்தே சொல்லியிருக்கலாம். ஆனால் அந்தப் பெட்டிக்கும் எங்கேயோ ஒரு ஆள் இருப்பான். உன் கல்யாணச் சமயத்தில்கூட நான் சொல்ல நினைத்ததை உன் அண்ணன்தான் எழுதினான். என்ன எழுதினான் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. இது ஒன்றாவது நடுவில் ஆள் இல்லாமல் உன்னிடம் வரட்டும். உறையைச் சோற்றுப் பருக்கையால் ஒட்டியிருக்கிறேன். ஒட்டு பிரிந்திருந்தால் எழுது. பதிலை டீச்சர் விலாசத்துக்குப் போடு, பின்னால் எழுதியிருக்கிறேன்.

விலாசம் எப்படிக் கிடைத்தது என்று யோசிப்பாய். டீச்சர் காட்டிய படத்தில் உனக்குப் பின்னால் ஒரு கடைப் பலகை இருந்தது. பெரிதாக்கி எழுத்து எழுத்தாக வாசித்தேன். 'மயில் மளிகை, பழனி ரோடு, உடுமலைப்பேட்டை.' வாழ்க்கையில் நான் வாசித்த முதல் கடைப் பலகை அது. கடைக்காரருக்கு உன்னைத் தெரிந்திருக்கும் என்று நம்பித்தான் அனுப்புகிறேன்.

அந்தப் படத்தில் உன் இடுப்பில் ஒரு குழந்தை இருந்தது. பொம்பளப் பிள்ளை. நெற்றி உன் அம்மாவுடையது மாதிரி இருந்தது. ஓணம் வரை பேசியதில் நீ ஒன்றும் சொன்னதில்லை; யார் குழந்தை என்று டீச்சரிடம் கேட்க வாய் வரவில்லை. நீ சொல்லித்தான் தெரிய வேண்டும்.

நீயும் பிரஜினும் அந்தப் பிள்ளையும் நோய்நொடி இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும். பதிலில் வேறொன்றும் எழுத நேரமில்லாவிட்டாலும் அவள் பெயரை மட்டும் பெரிய எழுத்தில் எழுது. அடுத்த வாரமும் உனக்கு ஒரு கடிதம் எழுதுவேன். அதன் முதல் வரியில் அவள் பெயரை நான் என் கையால் எழுத வேண்டும்.

உன் அப்பா,
பிச்சைக்கனி